பீமன் காலூன்ற ஒரு தரை

“வீட்டில் என்ன தரை?” என்று விலங்கு மருத்துவர் கேட்டபோது, பீமனின் பின்னங்காலுக்கும் அந்தக் கேள்விக்கும் உள்ள தொடர்பு எனக்கு உடனே விளங்கவில்லை. பீமன் எங்கள் லாப்ரடார். ஒன்பது வயது, 34 கிலோ எடை. முந்தைய நாள் மாலை வாசல் மணி அடித்ததும் வழக்கம்போலக் கூடத்திலிருந்து கதவை நோக்கிப் பாய்ந்தான். சாப்பாட்டு மேசையைச் சுற்றித் திரும்பும் இடத்தில் பின்னங்கால்கள் இரண்டும் பளிங்குத் தரையில் பக்கவாட்டில் விலகிச் சென்றன. ஒருமுறை வீறிட்டுவிட்டு எழுந்தவன், அதன்பின் இடது பின்னங்காலைத் தரையில் ஊன்றவே இல்லை. முழங்காலுக்குள் இருக்கும் சிலுவைத் தசைநார் அறுந்திருந்தது. நாய்களுக்கு அந்தத் தசைநார் பெரும்பாலும் ஒரே நாளில் அறுவதில்லை என்றும், பல மாதங்களாக நைந்து வந்ததை ஒரு வழுக்கல் முடித்து வைத்திருக்கிறது என்றும் மருத்துவர் விளக்கினார். எலும்பை வெட்டி அதன் சாய்வை மாற்றி உலோகத் தகடு பொருத்தும் அறுவை சிகிச்சை நடந்தது. பீமனை வீட்டுக்கு அனுப்பும்போது அவர் சொன்ன அறிவுரைகளில் பாதி மருந்தைப் பற்றியவை. மறுபாதி தரையைப் பற்றியவை.

சிங்கப்பூரில் சிராங்கூன் கார்டன்ஸ் பக்கம் நாங்கள் குடியிருக்கும் தொடர்வீடு 1980களில் கட்டப்பட்டது. அந்தக் காலத்துத் தரைவீடுகள் பலவற்றில் இருப்பதைப் போலவே, கீழ்த்தளத்தில் வெளிர்நிறப் பளிங்கும் மாடியில் சிறு தேக்குக் கட்டைகளைப் பதித்த பார்க்கே தரையும் இருந்தன. வீட்டை வாங்கிய நாளிலிருந்து அந்தப் பளிங்கை நான் பெருமையாக நினைத்திருந்தேன். தீபாவளிக்கு முன்பு ஆள் வரவழைத்து இயந்திரத்தால் தேய்த்து முகம் தெரியும் அளவுக்குப் பளபளப்பு ஏற்றுவது எங்கள் வழக்கமாகவே ஆகிவிட்டிருந்தது. அந்தப் பளபளப்பு ஒவ்வோர் ஆண்டும் பீமனின் கால்களுக்கு அடியிலிருந்து பிடிமானத்தை எடுத்துக்கொண்டே வந்தது என்பதை மருத்துவர் கேட்ட பிறகுதான் உணர்ந்தேன்.

அறுவை சிகிச்சைக்குப் பின் பத்து வாரங்கள் அவன் ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது, வழுக்கக்கூடாது. அவசரத்துக்கு வீட்டில் இருந்த யோகா பாய்களையும், தேக்கா பக்கம் வாங்கி வந்த சில பாய்களையும் படுக்கையிலிருந்து தண்ணீர்க் கிண்ணம் வரையிலும், அங்கிருந்து பின்கதவு வரையிலும் ஒரு பாதைபோல விரித்தோம். அப்போது நான் கண்டது என்னை உலுக்கிவிட்டது. எங்கள் இரண்டாவது நாய் செல்லிக்குக் காலில் எந்தக் குறையும் இல்லை. தெருவில் பிறந்து வளர்ந்து தத்துக்கு வந்த, 22 கிலோ எடையுள்ள, இங்கே ‘சிங்கப்பூர் ஸ்பெஷல்’ என்று அழைக்கப்படும் கலப்பினம். அவளும் இரண்டே நாளில் அந்தப் பாய்களின் மீது மட்டுமே நடக்கத் தொடங்கினாள். பாய் முடியும் இடத்தில் நின்று, அடுத்த பாய் எங்கே என்று பார்த்து, அதை நோக்கிக் கவனமாக ஒரு காலை எடுத்து வைத்தாள். நாங்கள் அழகு என்று நினைத்த தரையை இரண்டு நாய்களும் இத்தனை ஆண்டுகள் பொறுத்துக்கொண்டு மட்டுமே இருந்திருக்கின்றன.

நாயின் நகம் பூனையின் நகத்தைப்போல உள்ளிழுத்துக்கொள்ளக் கூடியதன்று. மண்ணிலும் புல்லிலும் ஓடும்போது அந்த நகங்கள் தரைக்குள் பதிந்து பிடிமானம் தருகின்றன. மெருகேற்றிய கல்லில் நகம் பதிய இடமில்லை. வழுக்கத் தொடங்கும்போது நாய் அனிச்சையாக நகங்களை இன்னும் அழுத்துகிறது, அப்படி அழுத்தும்போது தரையைப் பற்ற வேண்டிய மெத்தென்ற பாதப்பகுதி மேலே எழும்பி, உள்ள பிடிமானமும் போய்விடுகிறது. விரல்களுக்கு இடையே முடி நீளமாக வளர்ந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். லாப்ரடார், கோல்டன் ரிட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்ற பெரிய இனங்களுக்கு இடுப்பு மூட்டு வளர்ச்சிக் குறைபாடு அதிகம் வருகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அவற்றின் கால்கள் ஒவ்வொரு நாளும் நிற்கும் பரப்பை நாம் எவ்வளவு அக்கறையோடு தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது புரியும்.

பளிங்கை மாற்றுவது என்று முடிவு செய்து கடைகளை ஏறி இறங்கத் தொடங்கியபோது, ஜாலான் புசாரிலும் பாலஸ்டியர் சாலையிலும் எந்தக் கடைக்குப் போனாலும், பெரிய நாய்கள் இருக்கின்றன என்று சொன்னவுடன் விற்பனையாளர்கள் பேசியது ஒன்றைப் பற்றித்தான்: கீறல் விழாது. ஒருவர் சாவியை எடுத்து வினைல் மாதிரியின் மீது தேய்த்துக் காட்டினார். இன்னொருவர் இரும்புக் கம்பியால் டைலைச் சுரண்டிக் காட்டினார். கீறல் முக்கியந்தான். ஆயினும் உழைக்கும் தரை என்றால் கீறாத தரை என்று மட்டும் பொருள்கொண்டால், மிகக் கடினமானதும் மிக வழவழப்பானதுமான ஒன்றைத்தான் வாங்கி வருவோம்; பீமனின் தசைநாரைப் பறித்தது அப்படிப்பட்ட ஒரு தரைதான். ஆகவே எங்கள் வீட்டில் வரிசையை மாற்றி வைத்துக்கொண்டோம். முதலில் பிடிமானம், அடுத்து ஈரம், அதற்குப் பிறகே கீறல்.

கீறலைப் பற்றியும் பொதுவாக ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. 1812ஆம் ஆண்டில் ஃபிரீட்ரிக் மோஸ் என்ற கனிமவியலாளர் வகுத்த கடினத்தன்மை அளவுகோலில் விரல்நகம் ஏறத்தாழ 2.5 நிலையில் இருக்கிறது. நாயின் நகமும் நம் நகத்தைப்போலவே கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. பளிங்கின் முதன்மைக் கனிமமான கால்சைட் 3. கடற்கரை மணலில் நிறைந்திருக்கும் குவார்ட்ஸோ 7. அப்படியென்றால் பளிங்கில் நாங்கள் கண்ட கோடுகளைப் போட்டவை பீமனின் நகங்கள் அல்ல. ஞாயிற்றுக்கிழமைகளில் கிழக்குக் கடற்கரைப் பூங்காவிலிருந்து அவன் பாதங்களில் ஒட்டி வந்த மணல்துகள்கள். 34 கிலோ எடை அந்தத் துகள்களைத் தரையோடு அழுத்தி இழுத்தால் அது உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்கு ஒப்பாகும். மரத்தின் கதை வேறு: அங்கே கீறலைவிடப் பள்ளந்தான் சிக்கல், அதை நகமே போட்டுவிடும். வாசலில் ஒரு சொரசொரப்பான பெரிய மிதியடியும், பாதம் கழுவ ஒரு குழாயும், துடைக்க ஒரு துண்டும் வைத்திருப்பது எந்தத் தரையின் ஆயுளையும் கூட்டும். இதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு என்பதால் தரை மாற்ற நினைக்கும் எல்லோரும் இதை முதலில் செய்ய வேண்டும் என்று விரும்புகிறேன்.

ஈரத்தைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. சிங்கப்பூரில் காற்றின் சராசரி ஈரப்பதம் எண்பது விழுக்காட்டுக்கு மேல். ஆண்டில் கிட்டத்தட்டப் பாதி நாட்கள் இடி முழங்கும் ஊர் இது. செல்லிக்கு இடியென்றால் உயிர் போகிற பயம். மேசைக்கு அடியில் ஒடுங்கி நடுங்கும்போது சில நேரங்களில் தன்னை அறியாமல் சிறுநீர் கழித்துவிடுவாள். பீமன் தண்ணீர் குடித்தால் கிண்ணத்தைச் சுற்றி ஒரு முழத்துக்கு ஈரம். மழையில் நடந்துவிட்டு வந்தால் எட்டுப் பாதங்களின் தண்ணீர். நாயின் சிறுநீர் புதிதாக இருக்கும்போது பெரும்பாலும் இலேசான அமிலத்தன்மையோடு இருக்கிறது. நேரம் செல்லச் செல்ல அதிலுள்ள யூரியா சிதைந்து அம்மோனியாவாகிக் காரத்தன்மை அடைகிறது. இரண்டுமே தரைக்கு ஆகா. அதைவிடப் பெரிய தொல்லை, அது இணைப்புகளின் வழியே உள்ளே இறங்கிவிட்டால், மனிதருக்குத் தெரியாத வாசனை நாய்க்குத் தெரிந்து, அதே இடத்தில் மீண்டும் கழிக்கத் தூண்டும் என்பது. எனவே ஒரு பொருள் தண்ணீர் புகாததா என்று கேட்பதோடு நிறுத்தக்கூடாது. அதன் இணைப்புகள் தண்ணீர் புகாதவையா என்றும் கேட்க வேண்டும். பலகை நனையாது என்று எழுதியிருக்கும் பெட்டிகளில் பல, பலகைகளுக்கு நடுவே உள்ள கோட்டைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

பளிங்கையே மெருகு நீக்கி மங்கலாக்கிக்கொள்ளலாமே என்று என் கணவர் முதலில் கேட்டார். அது நடக்கக்கூடியதுதான், மெருகு நீக்கிய பளிங்கில் உலர்ந்த நிலையில் பிடிமானம் கூடும். ஆனால் பளிங்கு என்பது கால்சியம் கார்பனேட். அமிலம் பட்டால் கரையும். புளிக்கரைசலோ எலுமிச்சைச் சாறோ சிந்திய இடத்தில் மங்கலான வட்டம் விழுவதை நம் சமையலறைகளில் பார்த்திருப்போம். அதே கல்லின் மீது நாய்களின் ஈரத்தையும் விட்டுவைக்க மனம் ஒப்பவில்லை. மொசைக் எனப்படும் டெராசோவிலும் பெரும்பாலும் பளிங்குச் சில்லுகளே இருப்பதால் அதற்கும் இதே குறை உண்டு.

லேமினேட்டை விரைவாகக் கடந்துவிடுகிறேன். அதன் மேற்பரப்பில் உள்ள அலுமினியம் ஆக்ஸைடு கீறலை நன்றாகத் தாங்கும். தேய்மானத்தைத் தாங்கும் தரத்தைக் காட்ட ஏசி என்றொரு குறியீடு உண்டு; ஏசி 4, ஏசி 5 என்று குறிக்கப்பட்டவை உறுதியானவை. உள்ளே இருப்பதோ அழுத்திய மரத்தூள் பலகை. ஒருமுறை இணைப்பில் சிறுநீர் இறங்கி ஓரம் உப்பிவிட்டால் அதைத் திரும்பச் சரிசெய்ய முடியாது. பெரிய நாய்கள் இருக்கும் வீட்டுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். கம்பளம் விரிப்பதைப் பற்றி இந்த ஊரின் ஈரப்பதத்தில் பேசவே தேவையில்லை.

வினைல்தான் எங்களை நீண்ட நாட்கள் யோசிக்க வைத்தது. இப்போது இங்கே பரவலாகப் போடப்படும் எஸ்பிசி பலகைகள், சுண்ணாம்புக்கல் தூளைப் பிவிசியோடு சேர்த்து அழுத்திய உள்ளகத்தைக் கொண்டவை. தண்ணீரில் உப்புவதில்லை, பழைய தரையின் மீதே போடலாம், இடிக்க வேண்டியதில்லை, இரண்டு மூன்று நாட்களில் வேலை முடிந்துவிடும், பாதத்துக்கும் குளிர்ந்த கல்லைவிட மென்மையாக இருக்கும். வினைல் வாங்குவோர் பலகையின் மொத்தத் தடிமனைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது மேலே இருக்கும் ஒளி ஊடுருவும் தேய்மானப் படலத்தின் தடிமனை. அது 0.3 மில்லிமீட்டரிலிருந்து 0.7 மில்லிமீட்டர் வரை கிடைக்கிறது; பெரிய நாய்கள் உள்ள வீட்டில் 0.5க்குக் குறைவாக வாங்கக்கூடாது என்பது என் முடிவு. அந்தப் படலம் தேய்ந்துவிட்டால் அடியில் இருக்கும் அச்சிட்ட மரப்படம் உரியும். மரத்தைப்போல இழைத்து மீட்க முடியாது. எஸ்பிசிக்குப் பதிலாக டபிள்யூபிசி என்ற நுரைத்த உள்ளகம் கொண்டதை வாங்கினால் நடக்க இன்னும் மென்மையாக இருக்கும், ஆனால் கனமான பொருள்களின் அடியில் பள்ளம் விழும். இன்னொரு செய்தியைக் கடையில் யாரும் சொல்லவில்லை, ஆனால் நாய் வளர்ப்போர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்: ரப்பர் அடிப்பாகம் கொண்ட பாய்களை வினைல் மீது நீண்ட நாள் போட்டுவைத்தால், ரப்பரில் உள்ள வேதிப்பொருள்கள் வினைலுக்குள் ஊறி மஞ்சளாகவோ பழுப்பாகவோ கறை உண்டாக்கும், அந்தக் கறை போகாது. வழுக்காமல் இருப்பதற்காக விரிக்கும் பாயே தரையைக் கெடுத்துவிடும் நிலை வருகிறது. எங்கள் கூடத்தில் மாலை வெயில் கண்ணாடிக் கதவின் வழியே நேராக விழுகிறது. நாள்தோறும் வெயிலில் காயும் இடத்தில் வினைல் விரிந்து தூக்கிக்கொள்ளும் அபாயமும் உண்டு. இந்த இரண்டு காரணங்களால் கீழ்த்தளத்துக்கு அதை விலக்கினோம். வெயில் விழாத படுக்கையறைகள் உள்ளவர்களுக்கு அது நல்ல தேர்வு என்றே இன்னும் நினைக்கிறேன்.

கடைசியில் போர்சலின் டைலுக்கு வந்து சேர்ந்தோம். நீரை உறிஞ்சும் அளவு 0.5 விழுக்காட்டுக்கு மேற்படாதவற்றையே போர்சலின் என்று வகைப்படுத்துகிறார்கள். சிறுநீரோ மஞ்சள் தண்ணீரோ அதற்குள் இறங்க வழியில்லை. குவார்ட்ஸ் மணலோடு ஏறத்தாழச் சமமாக நிற்கும் கடினமும் அதற்கு உண்டு. ஆனால் போர்சலின் என்று மட்டும் சொல்லி வாங்கினால் பளிங்கைப் போலவே வழுக்கும் மெருகேற்றிய டைலைத்தான் கையில் கொடுப்பார்கள், ஏனென்றால் அதுதான் காட்சியறை விளக்கில் அழகாகத் தெரிகிறது. இங்கேதான், ஒரு தரை எவ்வளவு வழுக்காது என்பதைக் காட்டும் ஆர் எண்களைப் படிக்கக் கற்றுக்கொண்டேன். ஆர் 9 முதல் ஆர் 13 வரை செல்லும் இந்த வகைப்பாடு ஜெர்மனியில் தோன்றியது. எண்ணெய் தடவிய தரைமீது காலணி அணிந்த ஒருவரை நடக்கவைத்து, தரையைச் சிறிது சிறிதாகச் சாய்த்து, எந்தக் கோணத்தில் அவர் வழுக்கத் தொடங்குகிறார் என்று அளக்கிறார்கள். 6 முதல் 10 பாகை வரை ஆர் 9. 10 முதல் 19 பாகை வரை ஆர் 10. 19 முதல் 27 பாகை வரை ஆர் 11. நாய் காலணி அணிவதில்லை. அதனால் சோப்புத் தண்ணீர் ஓடும் தரையில் வெறுங்காலோடு நடந்து அளக்கும் மற்றொரு சோதனையில் கிடைக்கும் ஏ, பி, சி என்ற தரவரிசையையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். மெத்தென்ற பாதத்துக்கு அதுவே நெருக்கமான அளவு. ஆர் 11க்கு மேல் போனால் பிடிமானம் கூடினாலும் சொரசொரப்பான பள்ளங்களில் முடியும் அழுக்கும் தங்கி, துடைப்பான் இழுக்கவே வராது. வீட்டுக்குள் ஆர் 10, பின்கட்டில் நாய்களைக் குளிப்பாட்டும் இடத்துக்கு மட்டும் ஆர் 11 என்று எடுத்தோம்.

எழுத்தில் உள்ள எண்ணை நம்பி மட்டும் வாங்கவில்லை. நான்கு வகை டைல்களின் மாதிரிகளை, ஒவ்வொன்றிலும் மூன்று மூன்றாக, கடைகளில் கேட்டு வாங்கி வந்து பின்கட்டில் பரப்பினோம். ஒன்றின் மீது மணலைத் தூவிச் செருப்புக் காலால் நன்றாகத் தேய்த்தேன். ஒன்றின் மீது மஞ்சள், நல்லெண்ணெய், புளிக்கரைசல் மூன்றையும் ஊற்றி இரவு முழுவதும் விட்டுவைத்தேன். பிறகு எல்லாவற்றையும் நனைத்துவிட்டுச் செல்லியை அதன்மேல் அழைத்தேன். மூன்று வகைகளின் மீது அவள் தயங்கித் தயங்கி வந்தாள். நான்காவதின் மீது நேராக நடந்து வந்து உட்கார்ந்தாள். 78 வயதாகும் என் மாமியார் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, அதன்மீது தானும் வெறுங்காலோடு நின்று பார்த்துவிட்டு, “இதையே போடும்மா. எனக்கும் இதுதான் பயமில்லாமல் இருக்கு” என்றார். பளிங்குத் தரையில் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்ததை முதுமையின் தளர்ச்சி என்றே நான் நினைத்திருந்தேன். அந்த ஒரு சொல் என் மனத்தை மிகவும் வருத்தியது. தரையைப் பற்றிய முடிவையும் அன்றே முடித்துவைத்தது.

நிறத்தைப் பற்றி ஒரு வரி. வெள்ளையும் கறுப்பும் வேண்டாம். முடி, தூசு, உலர்ந்த பாதத்தடம் எல்லாம் அவற்றில் பளிச்சென்று தெரியும். உங்கள் நாயின் நிறத்துக்கு நெருக்கமான, இலேசான புள்ளிகளோ வரிகளோ உள்ள நடுநிறமே நாள்தோறும் நிம்மதி தரும். எங்களுடையது மணல் நிறம்.

பழைய பளிங்கின் மீதே புதிய டைலை ஒட்டிவிடலாம் என்று தரை வேலையை ஏற்றிருந்த குத்தகையாளர் சொன்னார். நாணயத்தால் தட்டிப் பார்த்தபோது கூடத்தில் ஏழெட்டு இடங்களில் உள்ளே வெற்றிடம் இருப்பதன் அறிகுறியாகப் பொக்கென்ற ஓசை வந்தது. அடித்தளம் உறுதியாக இல்லாத இடத்தில் மேலே எதை ஒட்டினாலும் ஒருநாள் பெயர்ந்து எழும்பும். கதவுகளின் அடியையும் சீவ வேண்டியிருக்கும். எனவே ஹேக்கிங் செய்து, அதாவது உடைத்து, முழுவதையும் எடுத்துவிட்டோம். அந்த இரண்டு வாரங்களும் நாய்கள் இரண்டும் என் தங்கை வீட்டில் இருந்தன. கல்லை வெட்டும்போது எழும் நுண்ணிய சிலிக்கா தூசு நுரையீரலுக்குக் கேடு; தரையோடு மூக்கை வைத்து வாழும் உயிர்களை அந்த நேரத்தில் வீட்டில் வைத்திருக்கக்கூடாது.

டைல் ஒட்ட வந்தவர் பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரர். சிங்கப்பூரில் பல ஆண்டுகளாக இதே வேலை செய்கிறவர். டைலைவிட, டைல்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை நிரப்பும் கிரவுட்டைப் பற்றித்தான் அவர் அதிகம் பேசினார். “அக்கா, டைல் முப்பது வருசம் கிடக்கும். கெட்டுப்போறது எல்லாம் இந்தக் கோடுதான்” என்றார். சிமெண்ட் கிரவுட் நுண்துளைகள் கொண்டது. தண்ணீர் எதிர்ப்பு மேற்பூச்சு பூசினாலும் அது காலப்போக்கில் தேயும், சிறுநீர் அதில் ஊறும், மஞ்சள் கறை நிலைக்கும். எபாக்ஸி கிரவுட் இரண்டு பாகங்களைக் கலந்து உருவாக்கும் பிசின். ஈரத்தை உறிஞ்சுவதே இல்லை. விலையும் கூலியும் கூடுதல். கலந்த பிறகு குறிப்பிட்ட நேரத்துக்குள் போட்டு முடித்து, டைலின் மேல் படிந்ததை இறுகுவதற்கு முன்பே துடைத்துவிட வேண்டும். மங்கலான டைலில் அந்தப் படலம் தங்கிவிட்டால் எடுப்பது பெரும்பாடு. அதற்காகவே அவர் ஒரே நேரத்தில் நான்கைந்து டைல்களின் அளவுக்கு மட்டும் கலந்து, உடனுக்குடன் மண்டியிட்டுத் துடைத்துக்கொண்டே வந்தார். வெளிர் நிற எபாக்ஸி வெயிலில் மஞ்சளாகும் என்பதால் சாம்பல் நிறத்தை எடுக்கச் சொன்னதும் அவரே. 60க்கு 60 சென்டிமீட்டர் டைல் என்பதால் கோடுகளும் அளவோடு இருக்கின்றன. சுவரின் அடியோரத்தில் ஒட்டும் ஸ்கர்ட்டிங் பட்டைக்கும் அதே டைலை வெட்டி ஒட்டச் சொன்னோம். மரத்தூள் பலகையால் ஆன ஸ்கர்ட்டிங் கீழிருந்து ஈரத்தை உறிஞ்சி உப்புவதை முன்பு குடியிருந்த வீட்டில் பார்த்திருக்கிறேன்.

மாடியில் இருந்த தேக்குப் பார்க்கேயை மாற்றவில்லை. மரங்களின் கடினத்தை அளக்க ஜங்கா என்றொரு சோதனை உண்டு, 11.28 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் குண்டை மரத்துக்குள் பாதியளவு அழுத்த எவ்வளவு விசை தேவை என்று பார்ப்பது. 1906இல் கேப்ரியல் ஜங்கா உருவாக்கிய முறை அது. தேக்கு அதில் 1,000 பவுண்டு விசையைச் சற்றுத் தாண்டுகிறது. வெள்ளை ஓக் 1,360. மெர்பாவ் 1,700க்கு மேல். ஆக, தேக்கு ஈரத்தையும் கறையானையும் தாங்குவதில் பெயர்பெற்றதே தவிர நகத்தைத் தாங்குவதில் முதலிடத்தில் இல்லை. ஆனாலும் மரத்துக்கு வேறு எதற்கும் இல்லாத ஒரு நற்குணம் இருக்கிறது: பள்ளம் விழுந்தால் இழைத்துப் புதிதாக்கலாம். எங்கள் பார்க்கே முழுத் தேக்குக் கட்டைகளால் ஆனது என்பதால் இழைத்துவிட்டு, கண்ணாடி போன்ற வார்னிஷுக்குப் பதிலாக மங்கலான பூச்சு அடித்தோம். மங்கலான பரப்பில் நுண்கீறல்கள் கண்ணை உறுத்துவதில்லை. பாதமும் ஓரளவு பிடிக்கிறது. இன்று புதிதாக வாங்கக்கூடிய என்ஜினியர்ட் மரப் பலகைகளில் மேலே இருக்கும் உண்மையான மரம் சில மில்லிமீட்டர் மட்டுமே. இரண்டு மில்லிமீட்டர் மேல்மரம் உள்ளதை ஒருமுறை இழைப்பதே கடினம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு வாங்குங்கள்.

படிக்கட்டு மட்டும் எங்களுக்கு இன்னும் முழுமையாகத் தீராத சிக்கல். மரப்படிகளின் மேல் ஒவ்வொரு படிக்கும் தனித்தனியாக ஒட்டும் சிறிய விரிப்புகளைப் போட்டிருக்கிறோம். பீமன் இப்போது மாடிக்கு வருவதில்லை; கீழே ஒரு சிறிய கதவு வைத்துத் தடுத்திருக்கிறோம். இரவில் நாங்கள் மேலே போகும்போது அந்தக் கதவுக்குப் பின்னால் நின்று பார்ப்பான். அதற்காகவே என் கணவர் வாரத்தில் பாதி நாட்கள் கூடத்தில் படுத்துக்கொள்கிறார்.

கடினமான தரையோடு வரும் ஒரு குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வெப்பமான ஊரில் பெரிய நாய்கள் குளிர்ச்சியைத் தேடி டைலின் மீதே படுக்கும்; படுக்கையைப் போட்டாலும் தரைக்கே வரும். அவற்றின் எடை முழுவதும் முழங்கையில் இறங்குவதால் அங்கே தோல் தடித்து, சில நாய்களுக்கு நீர் கோத்த வீக்கமும் உண்டாகும். தடித்த மெத்தைக்குப் பதிலாகக் காற்றோட்டம் உள்ள, தரையிலிருந்து சற்று உயர்ந்த துணிக்கட்டிலை மின்விசிறிக்கு அடியில் போட்ட பிறகுதான் பீமன் அதில் படுக்கத் தொடங்கினான்.

வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடி வீடுகளில் பெரிய இன நாய்களுக்கு அனுமதி இல்லை என்றாலும், ‘அடோர்’ திட்டத்தின்கீழ் செல்லியைப் போன்ற உள்ளூர்க் கலப்பினங்களைத் தத்தெடுத்து வளர்க்கும் குடும்பங்கள் பல இருக்கின்றன.  தரையை மாற்ற வசதி இல்லாதவர்கள் மாற்றத்தான் வேண்டும் என்று எண்ண வேண்டாம். மெருகேற்றிய தரைமீது, நாய் திரும்பும் மூலைகளிலும், உணவுக் கிண்ணத்தின் முன்னும், அது எழுந்து நிற்கும் இடத்திலும், கதவுக்கு முன்னும் துவைக்கக்கூடிய விரிப்புகளைப் போட்டாலே பெரும்பகுதி ஆபத்து குறைந்துவிடும். வீடு முழுவதும் விரிக்கத் தேவையில்லை. நாய் வேகம் எடுக்கும் இடத்தையும் திரும்பும் இடத்தையும் கவனித்தால் போதும். விரல்களுக்கு இடையே வளரும் முடியை வெட்டுவதும், நிற்கும்போது நகம் தரையைத் தொடாத அளவுக்குச் சீராக நறுக்குவதும் எல்லாத் தரைக்கும் பொருந்தும்.

சுத்தம் செய்வதில் இரண்டு எச்சரிக்கைகள். சிறுநீர் பட்ட இடத்தில் குளோரின் கலந்த வெளுப்பானை ஊற்றக்கூடாது. அம்மோனியாவோடு அது சேர்ந்து நச்சுவாயுவை வெளியிடும். அம்மோனியா கலந்த துப்புரவுத் திரவங்களும் வேண்டாம். அந்த வாசனை நாய்க்குச் சிறுநீரைத்தான் நினைவூட்டும். முதலில் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, நொதி கலந்த திரவத்தை ஊற்றிப் பத்து நிமிடம் விட்டுத் துடைக்கிறோம். மங்கலான டைல் மெருகேற்றியதைவிடச் சற்று அதிகமாகத் துடைக்கச் சொல்கிறது என்பது உண்மை. சோப்பு மிகுந்துபோனால் படலம் படிந்து அதுவே வழுக்கும் என்பதால், வெறும் தண்ணீரில் ஒருமுறை கூடுதலாகத் துடைக்கிறோம்.

தரை போட்டு எட்டு மாதங்கள் ஆகின்றன. பூசை மூலையில் எண்ணெய் சிந்திய இடத்திலும் கிரவுட் நிறம் மாறவில்லை. யோகா பாய்களைச் சுருட்டி எடுத்து வைத்தபோது செல்லி இரண்டு நாட்கள் தயங்கினாள். மூன்றாம் நாள் சமையலறைக்கு நடுக்கூடத்தின் வழியாகவே நடந்து போனாள். நேற்று மாலை வாசல் மணி அடித்தது. பீமன் எழுந்தான், சாப்பாட்டு மேசையைச் சுற்றித் திரும்பினான், கதவுக்கு முன்னால் நான்கு கால்களையும் ஊன்றி நின்றான்.